இரண்டாவது ஆள் லொகின் பண்ணும் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் ஓடியது

பெரும்போக அறுவடை நேரத்தில் சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றுக்கு நெல் கொள்வனவு மென்பொருள் போட்டுக் கொடுத்தேன். அந்த ஒரு வேலையோடு பதினொரு நாள் போனது. பேசிய கூலி 85,000 ரூபாய், அதில் 46,000 ரூபாய் கைக்கு வரவேயில்லை. தராசில் கோளாறு இல்லை, கணக்குப் போடும் கோடிலும் பிழை இல்லை. ஒரு போல்டருக்குள் யார் எழுதலாம் என்ற அனுமதியை இன்ஸ்டோலர் போடவில்லை, அவ்வளவுதான். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கடைக்கு, மில்லுக்கு, பார்மசிக்கு, கூட்டுறவுச் சங்கத்துக்கு என்று சின்னச் சின்ன மென்பொருள் எழுதிக் கொடுக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர்களுக்காவது தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மென்பொருள் பழையது. விஷுவல் பேசிக் 6இல் எழுதியது, தரவு எல்லாம் ஒரே ஒரு எம்டிபி பைலில் (மைக்ரோசொப்ட் அக்சஸின் தரவுத்தளப் பைல்). உழவு மெஷின் பெட்டியோடு தராசில் ஏறும், நிறை கேபிள் வழியாக உள்ளே வரும், ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேலே போனால் கழிவு போட்டு பில் அடிக்கும். பல வருடமாக விண்டோஸ் 7 மெஷின் ஒன்றில் ஓடியது. அந்த மெஷினில் ஒரே ஒரு லொகின்தான், அதுவும் அட்மின். அட்மின் உரிமை பாவிக்க முன் அனுமதி கேட்கும் யூஏசி என்ற விண்டோஸ் பாதுகாப்பையும் யாரோ ஆரம்பத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்படி இருந்தால் எந்தப் புரோகிராமும் எங்கேயும் எழுதும், அனுமதி என்ற ஒன்று இருப்பதே கண்ணில் படாது. முதலாளி புது விண்டோஸ் 10 மெஷின் வாங்கி, பகல் கணக்குப்பிள்ளைக்கு ஒன்று, இரவு கணக்குப்பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு சாதாரண லொகின் போடச் சொன்னார். அவர் கேட்டது நியாயமான ஒழுங்கு. நான் அட்மின் பாஸ்வேர்ட் கொடுத்து இன்ஸ்டோல் பண்ணினேன், பகல் ஆளின் லொகினில் இரண்டு பில் அடித்துக் காட்டினேன், சரி என்று கல்முனைக்கு வந்து மட்டக்களப்பு பஸ் ஏறிவிட்டேன்.

மூன்றாம் நாள் விடிய ஐந்தரைக்கு அழைப்பு. "தம்பி, ராத்திரி போட்ட பில் ஒண்டும் இஞ்ச காணல்லயே" என்றார் பகல் கணக்குப்பிள்ளை. இரவு ஆளைக் கேட்டால், "நான் போட்ட எல்லாம் கிடக்கு தம்பி, பகல் போட்டதுதான் காணல்ல" என்கிறார். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள் என்று விளங்கவே எனக்கு அரை நாள் பிடித்தது. போய்ப் பார்த்தபோது 57ஆம் இலக்க பில் இரண்டு இருந்தது. ஒன்றில் 22 மூட்டை, மற்றதில் 64 மூட்டை, ஆட்களும் வேறு வேறு. இரண்டிலும் அதே எழுத்து, அதே இலக்கம். கையில் வைத்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. 22 மூட்டைக்காரர் சிட்டையோடு வர, காசாளர் திரையில் இருந்த 57ஐப் பார்த்து 64 மூட்டைக்குக் காசு எண்ணிக் கொடுத்திருக்கிறார். அதுபோல் இன்னும் சில. பெரும்பாலானவர்கள் மிச்சக் காசைக் கொண்டு வந்து தந்தார்கள். வராமல் போன காசை என் கூலியில் கழித்ததுதான் அந்த 46,000.

நடந்தது இதுதான். புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள் சாதாரண யூசர் வாசிக்கலாம், ஓட்டலாம், எழுத முடியாது. அங்கேதான் என் எம்டிபி பைல் இருந்தது. எழுத முடியாவிட்டால் பிழைச்செய்தி வரவேண்டும், வந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன். ஆனால் பழைய 32 பிட் புரோகிராம்கள் உடைந்து போகக்கூடாது என்பதற்காக, 2007இல் வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அங்கே ஒரு வேலை செய்கிறது. புரோகிராம் எழுத வெளிக்கிட்டதும் அந்தப் பைலின் பிரதி ஒன்றை அந்த யூசருடைய சொந்த இடத்தில் சத்தமில்லாமல் உண்டாக்கி, எழுத்தை அங்கே திருப்பிவிடுகிறது. யூசரின் ஆப்டேட்டா போல்டருக்குள் லோக்கல், அதற்குள் வேர்ச்சுவல்ஸ்டோர், அதற்குள் புரோகிராம் பைல்ஸ் எக்ஸ்86 என்று போய்ப் பார்த்தால் அந்தப் பிரதி கிடக்கும். பகல் ஆளுக்கு ஒன்று, இரவு ஆளுக்கு ஒன்று, உண்மையான இடத்தில் நான் வைத்த வெறும் பைல் ஒன்று. மூன்று எம்டிபி. ஒவ்வொன்றும் தன்பாட்டில் 1இலிருந்து பில் இலக்கம் போட்டுக்கொண்டு போயிருந்தது.

உங்கள் புரோகிராமுக்கு இது நடக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். டாஸ்க் மனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய், தலைப்பில் வலது கிளிக் பண்ணி, யூஏசி வேர்ச்சுவலைசேஷன் என்ற நிரலைச் சேருங்கள். உங்கள் எக்ஸிக்கு (ஓடும் புரோகிராம் பைல்) நேரே எனேபிள்ட் என்று இருந்தால் மேலே சொன்னதெல்லாம் உங்களுக்கும் நடக்கும். 64 பிட் புரோகிராமுக்கு இது கிடையாது. மேனிபெஸ்டில், அதாவது புரோகிராமை எப்படி ஓட்டவேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்கிற குறிப்பில், ரிக்வெஸ்டட் எக்ஸிகியூஷன் லெவல் என்ற வரி உள்ள புரோகிராமுக்கும் கிடையாது, அட்மினாக உயர்த்தி ஓட்டும்போதும் கிடையாது. அதனால்தான் "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துப் பார்க்கிற நமக்கு ஒரு தரவும், கணக்குப்பிள்ளைக்கு வேறொரு தரவும் தெரிகிறது. நீங்கள் அட்மினாக ஓட்டி "எல்லாம் சரி" என்று சொன்னால், அந்தச் சோதனைக்கு ஒரு பெறுமதியும் இல்லை.

இரண்டு பைலையும் ஒன்றாக்க இரண்டு இரவு போனது. பகல் பில்லுக்கு முன்னால் 1, இரவு பில்லுக்கு முன்னால் 2 என்று சேர்த்து இலக்கத்தை மாற்றி, ஒவ்வொன்றையும் கையெழுத்துக் கொப்பியோடு சரிபார்த்தோம். அந்த மில்லில் பழக்கத்துக்கு ஒரு கொப்பியிலும் எழுதி வந்தார்கள். அது இல்லாவிட்டால் எனக்கு வழியே இருந்திருக்காது.

அடுத்துச் செய்தது இதைவிடப் பெரிய பிழை. தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: போல்டரில் வலது கிளிக், செக்யூரிட்டி, எவ்ரிவன், ஃபுல் கன்ட்ரோல். அதைத்தான் நானும் புரோகிராம் போல்டர் முழுவதுக்கும் கொடுத்தேன். கொடுத்த பிறகும் இரண்டு பேருக்கும் பழைய தரவுதான் வந்தது. அனுமதி கொடுத்தாலும், வேர்ச்சுவல்ஸ்டோரில் ஏற்கெனவே ஒரு பிரதி கிடந்தால் விண்டோஸ் அதைத்தான் முதலில் திறக்கும். ஒவ்வொரு யூசரின் வேர்ச்சுவல்ஸ்டோருக்குள்ளும் போய் அந்தப் பிரதிக்குப் பெயர் மாற்றவேண்டும். அழிக்க வேண்டாம், அதற்குள் இன்னும் எடுக்காத பில் இருக்கலாம். பெயரை மாற்றியதும் இரண்டு பேரும் ஒரே தரவைப் பார்த்தார்கள். நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

ஐந்து நாள்தான். யாரோ பென் டிரைவ் ஒன்றைச் செருக, எக்ஸி பைல்களுக்குள் புகுந்துகொள்ளும் வைரஸ் ஒன்று வந்தது. கணக்குப்பிள்ளை சாதாரண யூசர் என்பதால் விண்டோஸின் பைல்களை அது தொட முடியவில்லை. அந்த மெஷினில் அதற்கு எழுத இடம் கொடுத்த ஒரே எக்ஸி என்னுடையது. ஏதோ சுணக்கம் என்று என்னைக் கூப்பிட, நான் போய் அட்மினாக அந்த எக்ஸியை ஓட்டினேன். என் கையாலேயே வைரஸை மெஷின் முழுவதும் விட்டேன். விண்டோஸை முழுக்க அழித்துப் போட ஒரு நாள். வாசலில் வரிசையாக நின்ற உழவு மெஷின் பெட்டிகளை ஆட்கள் கொப்பியில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு யாருடைய முகத்தையும் பார்க்க முடியவில்லை.

எக்ஸியும் டிஎல்எல்லும் (எக்ஸி பாவிக்கும் துணைக் கோட் பைல்) இருக்கிற போல்டருக்கு சாதாரண யூசருக்கு எழுதும் அனுமதி எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கக்கூடாது. எழுத முடிந்த ஆள் எக்ஸியை மாற்றி வைக்கலாம், அதை அடுத்து ஓட்டுகிறவர் அட்மினாக இருந்தால் மெஷினே கைமாறிவிடும். உங்கள் மென்பொருளில் சிஸ்டம் லொகினில் பின்னணியில் தானாக ஓடும் சேர்விஸ் ஒன்று இருந்தால் அட்மின் வரவேண்டிய தேவையும் இல்லை, மெஷினை மறுபடி ஏற்றினாலே போதும். அமைப்புகளை விண்டோஸ் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரிக்கும் இதே கதைதான், அங்கே போல்டர் மாதிரி இருப்பது கீ. ஒரு எக்ஸியின் இடத்தையோ டிஎல்எல்லின் இடத்தையோ சொல்கிற கீயை சாதாரண யூசர் மாற்றக்கூடாது. ஃபுல் கன்ட்ரோலுக்கும் மொடிஃபைக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். மொடிஃபையில் வாசிக்கலாம், எழுதலாம், உண்டாக்கலாம், அழிக்கலாம். தரவு பைலுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஃபுல் கொடுத்தால் அந்த யூசர் அனுமதிப் பட்டியலையே மாற்றலாம், உரிமையாளரையும் மாற்றலாம். நம் வேலையில் அதற்குத் தேவை வந்த ஒரு இடத்தைக்கூட நான் கண்டதில்லை. ஆட்கள் யார் என்பதற்கு எவ்ரிவன் போடாமல் யூசர்ஸ் என்ற குழுவைப் போடுங்கள்.

அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. இன்ஸ்டோலரை, அதைச் செய்யும் கருவிகளில் ஒன்றான இன்னோ செட்அப்பில் முதலிலிருந்து எழுதினேன். எக்ஸி புரோகிராம் பைல்ஸில், அனுமதியைத் தொடவே இல்லை. எல்லாருக்கும் பொதுவான தரவு சி டிரைவில் புரோகிராம்டேட்டாவுக்குள், மில்லின் பெயரில் ஒரு போல்டர். ஒவ்வொரு ஆளின் சொந்த விருப்பங்கள், அதாவது எந்தப் பிரின்டர், எந்த எழுத்து அளவு என்பவை, ரெஜிஸ்ட்ரியின் கரண்ட் யூசர் கிளையில். புரோகிராம்டேட்டாவைப் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பு எண்ணம் இருக்கிறது, எனக்கும் இருந்தது: அங்கே வைத்தால் எல்லாரும் எழுதலாம் என்று. அங்கே சாதாரண யூசர் புதிய பைல் உண்டாக்கலாம், தான் உண்டாக்கியதில் எழுதலாம். மற்றவர் உண்டாக்கியதை வாசிக்க மட்டும்தான் முடியும். என் புரோகிராம் முதல் தடவை ஓடும்போது மாதிரி எம்டிபியைப் பிரதியெடுத்து அங்கே வைக்கும்படி எழுதியிருந்தேன். ஆக, முதலில் லொகின் பண்ணுகிறவருக்கு அந்தப் பைல் சொந்தம், அவருக்கு எல்லாம் ஓடும். எழுத்தைத் திருப்பிவிடுவதை நிறுத்தியிருந்தால் (எப்படி என்று கீழே வருகிறது) இரண்டாவது ஆள் வந்து சேவ் பண்ணும்போது 3073, அப்டேட் பண்ணமுடியாத குவெரி என்று ஒரு செய்தி. அந்தச் செய்தியைப் பார்த்தால் எஸ்கியூஎல்லில்தான் பிழை என்று நினைப்பீர்கள். பைலுக்கு எழுதும் அனுமதி இல்லாவிட்டாலும், எம்டிபியை வாசித்து எழுதும் மென்பொருளான ஜெட் இதையேதான் சொல்லும். இன்ஸ்டோலரே அந்த எம்டிபியை வைத்தால் முதல் ஆளுக்கே இது வரும், ஏனென்றால் உண்டாக்கியது அட்மின். இந்த முறை வீட்டில் இரண்டு லொகின் போட்டுப் பார்த்ததால் மில்லுக்குப் போகமுன்னமே பிடித்துவிட்டேன்.

இன்னோ செட்அப்பில் செய்யவேண்டியது சின்ன வேலை. டைரக்டரிகளுக்கான டர்ஸ் பகுதியில், கொமன்ஆப்டேட்டா மாறிலிக்குக் கீழே உங்கள் போல்டரின் பெயரை எழுதி, பெர்மிஷன்ஸ் என்ற இடத்தில் யூசர்ஸ்-மொடிஃபை என்று போடுங்கள். போல்டர் முன்னமே இருந்தாலும் அனுமதியை அது போட்டுவிடும். கொமன்ஆப்டேட்டாவுக்கு மட்டுமோ, புரோகிராம் பைல்ஸுக்கோ இதைப் போட்டுவிடாதீர்கள், உங்கள் சொந்த உள்போல்டருக்கு மட்டும். எம்டிபியை இன்ஸ்டோலரே வைப்பதாக இருந்தால் அந்த வரியில் ஒன்லிஇஃப்டஸன்ட்எக்ஸிஸ்ட், அன்இன்ஸ்நெவர்அன்இன்ஸ்டோல் என்ற இரண்டு கொடியும் கட்டாயம். முதலாவது இல்லாவிட்டால் அடுத்த அப்டேட் ஒரு போகத்தின் கணக்கின் மேல் வெறும் பைலைப் போட்டு மூடிவிடும். இரண்டாவது இல்லாவிட்டால் அன்இன்ஸ்டோல் பண்ணும்போது தரவும் போய்விடும்.

பைலுக்கு மட்டும் அனுமதி கொடுத்துப் போல்டரை விட்டுவிடுகிற பிழையையும் நிறையக் காண்கிறேன். எம்டிபி திறந்திருக்கும்போது பக்கத்திலேயே எல்டிபி என்று ஒரு பூட்டுப் பைலை ஜெட் உண்டாக்கும், மூடும்போது அழிக்கும். எஸ்கியூலைட் தரவுத்தளம் பாவிப்பவர்களுக்கு இதேபோல் ஜேர்னல் பைல், டபிள்யூஏஎல் (வால்) பைல். நம் பக்கத்தில் கரண்ட் போவது புதிதில்லை. பகல் ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பூட்டுப் பைல் அவர் பெயரில் அப்படியே கிடக்கும். இரவு ஆளால் அதில் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அனுமதியைப் போல்டரில், உள்ளே இனிமேல் வரப்போகிற பைல்களுக்கும் இறங்கிப் போகும்படி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அப்படி வைத்தும் ஒரு மாதம் கழித்து இரவு ஆளுக்குப் பைலே திறபடவில்லை. வாசிக்கவும் முடியவில்லை. இதற்குத்தான் அதிகம் மண்டையை உடைத்தேன். மாத முடிவில் பகல் ஆள் "தரவைச் சுருக்கு" என்ற பட்டனை அமத்தியிருக்கிறார். என் கோட் எம்டிபியை கொம்பக்ட் பண்ணி அவருடைய டெம்ப் போல்டரில் எழுதி, பழையதை அழித்து, புதியதை புரோகிராம்டேட்டாவுக்கு நகர்த்தியது. ஒரே டிரைவுக்குள் பைலை நகர்த்தினால் அது பழைய இடத்து அனுமதிகளையும் சுமந்துகொண்டு வரும், பிரதியெடுத்தால்தான் புதிய இடத்தின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். டெம்ப் போல்டரில் அனுமதி உள்ளவர்கள் சிஸ்டம், அட்மின்கள், அந்த யூசர், இந்த மூவர்தான். ஆகவே பொதுப் போல்டருக்குள் பகல் ஆளின் தனிச்சொத்தாக ஒரு எம்டிபி வந்து உட்கார்ந்துவிட்டது. மருந்து ஒரு வரி: சுருக்கிய பைலை டெம்ப்பில் எழுதாமல் அதே தரவுப் போல்டரிலேயே வேறு பெயரில் எழுதிப் பிறகு பெயர் மாற்றுவது. "டெம்ப்பில் எழுதி நகர்த்து" என்பது எத்தனையோ மொழிகளில் சேவ் பண்ணும் வழக்கம், உங்கள் கோடிலும் ஒருதரம் தேடிப் பாருங்கள்.

ரெஜிஸ்ட்ரிக்கு வருகிறேன். வேர்ச்சுவல்ஸ்டோர் தொல்லையை நிரந்தரமாக நிறுத்த, எக்ஸிக்குப் பக்கத்தில் ஆஸ்இன்வோக்கர் (ஓட்டுகிறவரின் உரிமையோடு ஓடு) என்று சொல்கிற மேனிபெஸ்ட் பைல் ஒன்றை வைத்தேன். அப்படி வைத்தால் விண்டோஸ் எழுத்தைத் திருப்பிவிடாது, எழுத முடியாவிட்டால் நேரே பிழை சொல்லும். அதுதான் நமக்கு வேண்டும். வைத்ததும் இதுவரை ஓடிய ஒன்று நின்றது: தராசு எந்தப் போர்ட்டில் என்ற அமைப்பை, எல்லா யூசருக்கும் பொதுவான லோக்கல் மெஷின் கிளையிலிருந்து வாசிக்கும் இடம். பிழை எண் 5, அனுமதி இல்லை. வாசிப்பதற்கு ஏன் அனுமதி இல்லை? ரெஜிஸ்ட்ரி கீயைத் திறக்கும் வரியில் கீ ஆல் அக்ஸஸ் என்று இருந்தது, எங்கேயோ இருந்து பிரதியெடுத்து ஒட்டிய வரி. சாதாரண யூசர் அந்தக் கீயை வாசிக்கலாம், ஆனால் "எல்லா உரிமையும் தா" என்று கேட்டுத் திறந்தால் முழுதாகவே மறுக்கப்படும். முன்பு ரெஜிஸ்ட்ரியையும் விண்டோஸ் திருப்பிவிட்டுக்கொண்டிருந்ததால் மறைந்து கிடந்தது. கீ ரீட் என்று மாற்றினேன், ஓடியது. டெல்பி மொழியில் எழுதுகிறவர்களும் கவனியுங்கள்: அதன் ரெஜிஸ்ட்ரி கிளாஸ் தானாகக் கேட்பது ஆல் அக்ஸஸ்தான், வாசிக்க மட்டும் என்றால் ஓப்பன்கீரீட்ஒன்லியைப் பாவியுங்கள். இப்படியான இடத்தில் கீக்கு அனுமதி கூட்டிக் கொடுத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். புரோகிராம் கேட்கிற அளவைக் குறைப்பதுதான் வழி.

போர்ட் எண்ணை லோக்கல் மெஷினில் வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. விபி6இன் சேவ்செட்டிங் கரண்ட் யூசர் கிளையில்தான் எழுதும். நான் அட்மினில் இருந்துகொண்டு போர்ட்டைத் தெரிவு செய்து வைத்தால் அது அட்மினுக்கு மட்டும், கணக்குப்பிள்ளைக்குப் போர்ட் 1 என்றே நிற்கும். இன்ஸ்டோலரிலும் அதே பொறி: சாதாரண யூசரின் திரையில் அட்மின் பாஸ்வேர்ட் கொடுத்து ஓட்டும் இன்ஸ்டோலருக்கு "கரண்ட் யூசர்" என்றால் அந்த அட்மின், முன்னால் இருப்பவர் இல்லை. யூசரின் தனி அமைப்புகளை இன்ஸ்டோலர் எழுதவே கூடாது. புரோகிராம் முதல் தடவை ஓடும்போது தானே எழுதட்டும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் புரோகிராம் லோக்கல் மெஷினின் சொப்ட்வெயார் கிளையைத் திறந்தால் வாவ்6432நோட் என்ற உள்கிளைக்குத்தான் போகும். இன்ஸ்டோலர் 64 பிட் முறையில் ஓடினால் வேறு இடத்தில் எழுதி, வேறு இடத்துக்கு அனுமதி போட்டுவிட்டுப் போய்விடும். இன்னோவில் எச்கேஎல்எம்32 என்று தெளிவாக எழுதினால் குழப்பம் இல்லை. சாதாரண யூசர் எழுதியே ஆகவேண்டிய ஏதாவது லோக்கல் மெஷினில் இருந்தால், அதற்கென்று தனி உள்கீ ஒன்றை வைத்து அதற்கு மட்டும் யூசர்ஸ்-மொடிஃபை. கடைசி பில் இலக்கத்தை ரெஜிஸ்ட்ரியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தரவு, தரவுத்தளத்துக்குள் இருக்கட்டும்.

முன்பே இன்ஸ்டோல் பண்ணிய மற்ற இடங்களுக்கு ஒரு பேட்ச் பைல் அனுப்பினேன், அனுமதிகளைப் பார்க்கவும் மாற்றவும் விண்டோஸில் உள்ள ஐகேக்ல்ஸ் கட்டளையோடு. களுவாஞ்சிகுடியில் ஒரு கடையில் மட்டும் வேலை செய்யவில்லை. அந்த லப்டொப் சுவிஸில் இருக்கும் உறவினர் அனுப்பியது, விண்டோஸ் ஜேர்மன் மொழியில். அங்கே யூசர்ஸ் என்று ஒரு குழு இல்லை, அதன் பெயர் பெனுட்சர். கட்டளை 1332 என்று பிழை சொல்லி நின்றிருக்கிறது, கறுப்பு ஜன்னல் மூடிவிட்டதால் யாரும் பார்க்கவில்லை. எல்லா மொழி விண்டோஸிலும் அந்தக் குழுவின் அடையாள எண் ஒன்றுதான்: எஸ்-1-5-32-545. ஐகேக்ல்ஸில் அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு எழுதினால் பெயர் தேவையில்லை. கிராண்ட் என்ற இடத்தில் அந்த எண், ஒரு முக்காற்புள்ளி, பிறகு அடைப்புக்குறிக்குள் ஓஐ, அடைப்புக்குறிக்குள் சிஐ, கடைசியில் எம். ஓஐ உள்ளே வரும் பைல்களுக்கு, சிஐ உள்ளே வரும் போல்டர்களுக்கு, எம் மொடிஃபை. ஓஐ, சிஐ இரண்டையும் விட்டால் அனுமதி போல்டரோடு நின்றுவிடும். இன்னோவின் யூசர்ஸ்-மொடிஃபைக்கு இந்த மொழிப் பிரச்சினை இல்லை. ஆனால் இன்னோவின் ரன் பகுதியில் ஐகேக்ல்ஸை ஓட்டினால், அது தோற்றாலும் இன்ஸ்டோலர் வெற்றி என்றே முடியும்.

இன்னொரு இன்ஸ்டோலர் கருவியான என்எஸ்ஐஎஸ் பாவிக்கிறவர்களுக்கு அக்ஸஸ்கன்ட்ரோல் என்ற பிளகின் இருக்கிறது, பைலுக்குக் கிராண்ட்ஒன்பைல், ரெஜிஸ்ட்ரிக்குக் கிராண்ட்ஒன்ரெக்கீ. அதிலும் பெயருக்குப் பதில் அந்த எண்ணைக் கொடுக்கலாம். பதிலை ஸ்டக்கில் விட்டுப்போகும், பொப் பண்ணிப் பாருங்கள். விக்ஸ் என்ற கருவியில் எம்எஸ்ஐ இன்ஸ்டோலர் செய்பவர்கள் ஒன்றில் மட்டும் கவனம்: சாதாரண பெர்மிஷன் எலிமென்ட் பழைய அனுமதிப் பட்டியலைத் தூக்கிவிட்டு நீங்கள் எழுதியதை மட்டும் வைக்கும். யூசர்ஸை மட்டும் எழுதினால் அட்மினும் சிஸ்டமும் வெளியே, பிறகு அன்இன்ஸ்டோல்கூட ஆகாது. யூடில் எக்ஸ்டென்ஷனின் பெர்மிஷன்எக்ஸ் இருப்பதோடு சேர்க்கும், அதைப் பாவியுங்கள்.

இப்போது எந்த இன்ஸ்டோலரையும் வேர்ச்சுவல் மெஷினில் ஒரு ஸ்னப்ஷொட் எடுத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். நெட் யூசர் கட்டளையால் இரண்டு சாதாரண யூசர், பாஸ்வேர்டோடு. முதல் ஆளாகத் திறந்து ஒரு பில், மூடி, இரண்டாவது ஆளாகத் திறந்து அதே பில்லைத் திருத்தி சேவ், பிறகு மறுபடி முதல் ஆள். நடுவில் மெஷினைச் சடாரென்று நிறுத்தி, மற்ற ஆளாகத் திறந்து பார்ப்பது. சுருக்குவது, பேக்கப் எடுப்பது, பழைய பேக்கப்பைத் திரும்பப் போடுவது, மூன்றையும் ஒரு ஆள் செய்த பிறகு மற்ற ஆள் திறப்பது. எங்காவது நின்றால் சிஸின்டேர்னல்ஸின் புரொசஸ் மொனிட்டரைத் திறந்து, ரிசல்ட் என்ற இடத்தில் அக்ஸஸ் டினைட் என்று வடிகட்டினால், எந்தப் பைல், எந்தக் கீ, என்ன உரிமை கேட்டது என்று வரியாக வரும். அதை முதல் நாளே திறந்திருந்தால் பதினொரு நாளில் ஒன்பது நாள் மிஞ்சியிருக்கும்.

கடைசியாக, மில்லை விட்டு வெளிக்கிட முன் ஐகேக்ல்ஸை வெறுமனே தரவுப் போல்டரின் பாதையோடு மட்டும் ஓட்டுகிறேன், பிறகு எம்டிபியின் பாதையோடு. போல்டருக்கு யூசர்ஸ் என்ற வரியில் ஓஐ, சிஐ, எம் என்றும், பைலுக்கு அதே வரியில் ஐ (போல்டரிலிருந்து இறங்கி வந்தது), எம் என்றும் வரவேண்டும். பைலில் அந்த யூசர்ஸ் வரியே இல்லையென்றால் அனுமதி போல்டரிலிருந்து இறங்கி வரவில்லை, அந்தப் பைல் வேறெங்கோ இருந்து நகர்ந்து வந்திருக்கலாம். பிறகு எக்ஸி இருக்கும் போல்டருக்கும் ஒருதரம். அங்கே யூசர்ஸ் வரியில் எழுதும் அனுமதியைக் காட்டும் எம், எஃப், டபிள்யூ போன்ற எழுத்து இருந்தால் நான் பஸ் ஏறுவதில்லை.